அண்ணன் காய்ச்சிய ஸ்நோ

ஜெர்மன் சண்டை நடந்த காலம். முகத்துக்குப் பூசுகிற சீமை ஸ்நோ வரத்து நின்றுபோயிருந்தது. அரியலூரில் இங்கிலீஷ் மருந்துக் கடையில் வேலை பார்த்த என் அண்ணன், நாமே காய்ச்சினால் என்ன என்று கிளம்பிவிட்டான். எல்லாம் எனக்காகத்தான். என் கன்னம் ரெண்டிலும் மங்கு. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி.

மெழுகுவர்த்தியை உருக்குவான், சலவை சோடாவைக் கரைத்து ஊற்றுவான், பன்னீர் விட்டுக் கிண்டுவான். அம்மாவுக்கு அடுப்பே கிடைக்காது. அவனைச் சும்மா சொல்லக்கூடாது, எடுத்த எடுப்பில் என் மூஞ்சியில் அப்பிவிடவில்லை. ஒவ்வொரு தரம் காய்ச்சியதையும் தன் கையில், அப்பா கையில், பக்கத்து வீட்டுப் பெரியப்பா கையில் என்று போட்டுப் பார்த்தான். அம்மா அந்தக் கிண்ணத்தைக் கிட்டவே சேர்க்கவில்லை; கல்யாணமாகாத பையனிடம் வேறெந்தப் பொம்பளை கையை நீட்டுவாள்? எரிச்சல் இல்லை, அரிப்பு இல்லை என்றார்கள். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கணுமே.

ஒரு வெள்ளிக்கிழமை பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அம்மா எனக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள். அண்ணன் கிண்ணத்தை நீட்டினான். தடவினேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போது கண்ணாடியைப் பார்த்தால், என் முகம் ஆரத்தித் தண்ணி மாதிரி சிவந்து கிடக்கிறது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கிற எந்த வீட்டில்தான் தெரியாது? சோடாவும் அதையேதான் செய்யும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோணவில்லை. அவன் போட்டுப் பார்த்ததெல்லாம் மஞ்சளே படாத ஆம்பளைக் கை.

அம்மா தண்ணீரை வாரி அடித்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க எரிந்தது, சிவப்புப் போகவில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? அப்படியே கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லைங்களா?" என்று தணிவாகக் கேட்டார். அம்மா காபியைக் கொண்டுவந்து நீட்டினாள். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

தோல் உரிந்து, மங்கு முன்னைவிடக் கறுத்தது. அண்ணன் என் கண்ணில் படாமலே திரிந்தான். ஒரு நாள் பார்த்தால், புதுசாகக் காய்ச்சிய கிண்ணத்தோடு சமையல்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். சோடாவைக் குறைத்திருப்பதாகவும், மஞ்சள் தேய்க்கிற கையில் போட்டுப் பார்க்கணும், யாரிடம் போய்க் கேட்பது என்றும் சொன்னான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"கை எதுக்குண்ணே? மூஞ்சியிலயே போடு. இனிமே யாரு வந்து பாக்கப் போறா?"

அண்ணன் அதற்கப்புறம் அடுப்புப் பக்கம் போகவே இல்லை.