சாராயக் காரில் போன தாலி: லா சப்பல் முதல் மால்மோ வரை

2019 ஆவணியில் அக்கா மகளுக்குச் சுவீடனின் மால்மோ நகரில் கல்யாணம். கூறைச் சேலையையும் தாலிக்கொடியையும் பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. காரில் வருகிறேன் என்றதும் அத்தான் தொலைபேசியிலேயே குதித்தார்.

"சாராயத்தில ஓடுற காரை நம்பித் தாலியைக் குடுத்துவிடேலாது, தம்பி. பிளேனில வாரும்."

அவர் சொன்ன சாராயம் E85 என்ற எரிபொருள். பெரும்பகுதி எத்தனோல் என்னும் மதுசாரம், மீதி பெற்றோல். என் பழைய பெற்றோல் கார் அதில் ஓடுவதற்கான சின்ன மின்னணுப் பெட்டியைப் பாரிஸ் புறநகர் லா கூர்னெவ் மெக்கானிக் சுகந்தன் பூட்டித் தந்து நான்கு மாதம்தான். எனக்கு வீம்பு கொஞ்சம் கூட. காரில்தான் வருவேன் என்று நின்றுவிட்டேன்.

வியாழன் காலை ஐந்து மணிக்குச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்துப் புறப்பட்டேன். 210 கிலோமீற்றரில் வலன்சியன். பெல்ஜிய எல்லைக்கு முன் E85 அடிக்கக் கடைசி இடமாக அதைக் குறித்து வைத்திருந்தேன். லீற்றர் 69 சதம். பக்கத்துக் குழாயில் சாதாரணப் பெற்றோலான E10 அதைப்போல் இரண்டு மடங்கு. தாங்கியை நிரப்பினேன். வழியில் சர்க்கரை பீட்ரூட் வயல்கள். அதிலிருந்தும் எத்தனோல் வடிக்கிறார்கள் என்று நினைக்க, ஏதோ நானே விதைத்தது போலப் பெருமை!

பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் நான் நின்ற இடங்களில் E85 கண்ணில் படவேயில்லை. 690 கிலோமீற்றரில், ஒஸ்னாபுருக்கில், 40 லீற்றர் E10 அடித்தேன். லீற்றர் 1.39 யூரோ. ஐந்து நிமிடத்தில் கார் இருமத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் தாலிப் பெட்டி. ஓரமாக நிறுத்திச் சுகந்தனை அழைத்தேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. எண்ணெய் மாறினதைப் பெட்டி இப்பதான் பிடிக்குது. பத்து நிமிஷம் ஆறுதலா ஓடுங்கோ."

ஒன்பதாவது நிமிடம் இருமல் நின்றது. காருக்குள் தனியே இருந்து சந்தோஷத்தில் கத்தினேன்.

இரவு லூபெக்கில் தங்கி, மறுநாள் புட்கார்டனில் கப்பலேறி (45 நிமிடம்), டென்மார்க்கைக் கடந்து மால்மோவில் இறங்கியபோது மதியம் 1.20. தரைவழி 1,240 கிலோமீற்றர். அங்கே முதலில் கண்ட நிலையத்திலேயே E85! நிரப்பிக்கொண்டுதான் அக்கா வீட்டுக்குப் போனேன்.

கடவுச்சீட்டைப் பெரிதாகக் கேட்காத ஐரோப்பாவில் எரிபொருள் மட்டும் எல்லைக்கு எல்லை மாறுகிறது. நீங்களும் போவதென்றால் எல்லைக்கு முன்னரே நிரப்புங்கள். குழாயில் E10, E85 என்று எழுதிய வட்ட அடையாளத்தைப் பார்த்து அடியுங்கள். அதற்கென்று செய்யாத காரில், பெட்டியும் பூட்டாமல், E85 பக்கமே போகாதீர்கள். இருமினால் என்னைப்போல் பதறவும் வேண்டாம்.

சனி காலை கல்யாணப் பொம்பிளைக்கென்று அத்தான் வாடகைக்குப் பிடித்த பெரிய கார் வாசலில் நின்றது. அத்தான் அதைத் தாண்டி வந்து, என் காரின் முன்பக்கத்தில் தன் கையாலேயே பூமாலையைக் கட்டினார்.

"பொம்பிளை சாராயக் காரில வரட்டும், தம்பி. தாலியைக் கொண்டுவந்தது அதுதானே."