லம்பாக் மலையில் பெண் பார்த்தது

எனக்கு மலையில் வைத்துப் பெண் பார்க்கலாம் என்று தீர்மானித்தது என் அக்கா. அதற்கு முன் மூன்று வீடுகளில் பார்த்தாகிவிட்டது. மூன்றிலும் நான் பாயில் உட்கார்ந்து காப்பிக் குவளையைப் பார்த்துவிட்டு வந்தேன். குவளைகள் நன்றாகத்தான் இருந்தன. மூன்றாவது வீட்டில் பெண்ணின் தாய் அக்காவைத் தனியே அழைத்து, நான் பிறவியிலேயே ஊமையா, இடையில் வந்ததா என்று விசாரித்தாராம்.

அப்போது நான் பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது கீழ்நிலைக் கணக்கர். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகை என் பொறுப்பு. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. தோட்டங்களில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. பேசத் தெரிந்தவர்களுக்கே பெண் கிடைக்காத காலம். நான்காவதாக பாலோவிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். தாய் இல்லை. இதுவும் நழுவினால் இனி உனக்காக ஒரு வாசலிலும் போய் நிற்க மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

"மலை ஏறுறப்ப எல்லாருக்கும் மூச்சு வாங்கும். ஒருத்தரும் பேச மாட்டாங்க. நீ பேசாதது வெளிய தெரியாது" என்றாள். என் சுபாவத்தை மதித்து யாராவது ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் முறை.

பெண்ணின் அப்பாவும் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேறு காரணம் இருந்தது. பிடிக்காமல் போனால், ரயிலில் தற்செயலாகச் சந்தித்தவர்கள் என்று விட்டுவிடலாம். ஊரில் ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பயணத்தைத் திட்டமிட்டவர் அக்காவின் வீட்டுக்காரர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஒரு தடவை தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சாப்பாட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு குளுவாங் போய் லம்பாக் மலையில் ஏறியிருக்கிறார். அந்தத் தகுதியில், கரித்துண்டால் சிமெண்டுத் தரையில் தண்டவாளம் வரைந்தார்.

"போறப்ப இடது பக்கம் உக்காரணும். மலையெல்லாம் அந்தப் பக்கம்தான். பொண்ணு பாலோவுல ஏறும். ஜன்னல் ஓரம் பொண்ணு, எதிர்ல நீ. அது மலையைப் பார்க்கறப்ப ஓரமா நீயும் தெரிவே."

"நான் என்ன செய்யணும், மாமா?"

"தெரிஞ்சா போதும். நியோர் தாண்டினதும் பெலுமுட் மலை வரும். நான் 'அதோ பாருங்க மலை'ம்பேன். நீ 'ஆமா, அழகா இருக்கு'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அந்த மூன்று சொற்களையும் நான் புகைக் கொட்டகையில் சொல்லிப் பழகினேன். தொங்கிக்கொண்டிருந்த ஷீட்டுகளிடம் நன்றாகவே வந்தது.

சீனப் பெருநாள் விடுமுறையில் போவதாக ஏற்பாடு. அது திங்கட்கிழமை. ரயில் வரும் நேரமோ ராகு காலம். மதராஸில் அச்சடித்த பஞ்சாங்கத்தின் ராகு காலம் ஜொகூருக்கும் அதே நேரத்தில் வருமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மாமா அதற்குப் பரஸ்தானம் செய்துவிடலாம் என்றார். அதாவது, பயணத்துக்கு இன்றியமையாத ஒரு பொருளை முந்தின நாளே நல்ல நேரத்தில் வீட்டைவிட்டு அனுப்பி, போகிற திசையில் தெரிந்தவர் யார் வீட்டிலாவது வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஆள் எப்போது புறப்பட்டாலும் ராகு ஒன்றும் செய்ய முடியாது.

எனவே ஞாயிற்றுக்கிழமை மதியமே என் பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமும் ஒரு மூட்டையாகி, பெக்கோக் ஸ்டேஷனை ஒட்டி, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பாயிண்ட்ஸ்மேனும் மாமாவும் ஒரே கப்பலில் மலாயா வந்தவர்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் நல்ல வேட்டி கட்டி நடந்தால் கரை எது, சேறு எது என்று தெரியாது. அங்கே போய் மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று எல்லோரும் பாராட்டினோம்.

காலையில் நான் வேலைக்குப் போகும் காக்கி அரைக்கால் சட்டையோடும், ரப்பர் பால் சொட்டி விறைத்த மேல்சட்டையோடும் போய் நின்றேன். பாயிண்ட்ஸ்மேன் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

"மூட்டையா? அதை நேத்தே அனுப்பிட்டேனே! குளுவாங்தானே போறீங்க, எதுக்கு வீணா சுமக்கணும்னு கூட்ஸ் வண்டி கார்டு கையில குடுத்துட்டேன். இந்நேரம் அங்க டேஷன்ல உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, அதுல இவன் வேட்டி இருந்திச்சு. பொண்ணு பார்க்கப் போற வேட்டி."

"அலமாக்!" என்று பாயிண்ட்ஸ்மேன் தலையில் கை வைத்தார்.

மாமா மட்டும் கலங்கவில்லை. "பரஸ்தானம்னா இப்படி இருக்கணும். இதுக்கு மேல எப்படி முன்னால போறது?" என்றார்.

ரயில் சத்தம் கேட்டது. பாயிண்ட்ஸ்மேன் உள்ளே ஓடித் தன்னுடைய நீலக் கோட்டையும் கால்சட்டையையும் கொண்டுவந்தார். கோட்டில் பித்தளைப் பொத்தான்கள் இருந்தன. "டேஷன் மாஸ்டர் கண்ணுல படாம ஏறிடுங்க தம்பி" என்று சொல்லித் தொப்பியையும் நீட்டினார். தொப்பியை மறுத்துவிட்டேன். அன்று என்னால் மறுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

இடது பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் ஒரு சீனக் கடைக்காரர் என்னிடம் வந்து, வண்டி நியோரில் நிற்குமா என்று மலாயில் கேட்டார். நிற்கும் என்றேன். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அடுத்து ஒருவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். இன்னொருவர், தம் எதிரில் இருந்தவரின் மூட்டை தம் காலை இடிப்பதாக முறையிட்டார். நான் ரயில்காரன் இல்லை என்று சொல்வதைவிட மூட்டையை நகர்த்துவது சுலபமாக இருந்தது. நகர்த்தினேன். அதன்பின் உட்கார எனக்கு நேரமில்லை.

பாலோவில் வண்டி நின்றபோது ஒரு மலாய்க்காரப் பெண்ணின் கோழிக் கூடையை வாங்கி மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் பருத்த மனிதர் ஒருவர், "தம்பி, இதையும் பிடிங்க" என்று தம் பையை நீட்டினார். பிடித்தேன். அவருக்குப் பின்னால் ஒரு பெண் ஏறினாள்.

மாமா ஓடி வந்தார். "வாங்க, வாங்க! இவருதான் நம்ம மாப்பிள்ளை."

அந்த மனிதர் என் கையிலிருந்த தம் பையைப் பார்த்தார். பிறகு பொத்தான்களைப் பார்த்தார். "தோட்டத்துக் கிராணின்னு சொன்னாங்க?"

"இன்னிக்கு லீவு" என்றார் மாமா.

எல்லோரும் திட்டப்படி உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரம் அந்தப் பெண், எதிரே நான். வெளியே மழைமேகம் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய மரங்களுக்கு அப்பால் எல்லாம் வெள்ளையாக இருந்தது. ஆனாலும் நியோர் தாண்டியதும் மாமா, "அதோ பாருங்க மலை!" என்றார்.

"ஆமா, அழகா இருக்கு" என்றேன்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "எங்க?" என்றாள்.

நான் பழகியதில் இது வரவில்லை. நல்லவேளையாக, கோழிக்காரப் பெண் கூடையைக் கதவருகே வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். எழுந்து போனேன்.

குளுவாங்கில் மூட்டை இல்லை. அந்த கூட்ஸ் வண்டி அங்கே சாமான் இறக்காமல் நேரே ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டதாம். ஒரு வாடகை மோட்டாரில் அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் மேகம் கலைந்து வெயில் ஏறியிருந்தது. கோட்டு கனமான துணி. கழற்றலாம் என்றால் உள்ளே பால் சொட்டிய சட்டை.

எங்கள் திட்டத்தில் ஒரு குறை இருந்தது. மலை ஏறினால் பெரியவர்களுக்கும் மூச்சு வாங்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை. பாதை செங்குத்தாகத் தொடங்கிய இடத்திலேயே பெண்ணின் அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியே விடுவது மரியாதையில்லை என்று மாமாவும் உட்கார்ந்தார். அக்கா இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் அந்த வளைவு வரைக்கும் போயிட்டு வாங்க, நான் இங்கேருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

இரண்டாவது குறை, அந்தப் பெண்ணுக்கு மூச்சே வாங்கவில்லை.

வளைவில் நின்று கீழே பார்த்தோம். ரப்பர் மரங்கள் தெரிந்தன. ரப்பர் மரம் பார்க்க நான் அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

"கோட்டு உங்களுதா?" என்று கேட்டாள்.

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். எப்படியோ ராகு காலத்திலிருந்து தொடங்கிவிட்டேன். மூட்டை, கார்டு, பாயிண்ட்ஸ்மேன், புகைக் கொட்டகையில் பழகிய மூன்று சொற்கள், மலைக்கு ஏன் அழைத்து வந்தார்கள் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவைத் தவிர ஒரு பெண்ணிடம் நான் அதுவரை பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு இருக்காது.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும், "கோழிக் கூடையை ஏன் வாங்கினீங்க? நான் ரயில்காரன் இல்லன்னு சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

"சொல்லணும்னா பேசணுமே."

சட்டென்று மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து அக்காவைக் கூப்பிடப் பார்த்தேன். திரும்பியபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் அழுத முகமாக இல்லை.

சாயங்கால வண்டியில் திரும்பினோம். மாமா மலைகளைக் காட்டுவதை நிறுத்தியிருந்தார். பாலோவில் பெண்ணின் அப்பா இறங்கி நின்று, அக்காவைப் பார்க்காமல் கைப்பையைப் பார்த்தபடி, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று. யோசித்துவிட்டுச் சொன்னவர்களை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

அவருக்குப் பின்னால் இறங்கிய பெண் எங்கள் ஜன்னலருகே வந்தாள்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வீட்டுக்கு வாங்க. சமைச்சு வைக்கிறேன். மலையெல்லாம் வேணாம், அப்பாவால முடியாது."

அவள் அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அப்ப, வாங்க" என்றார்.

வண்டி நகர்ந்தது. "இப்ப இது சரின்னு அர்த்தமா, பார்க்கலாம்னு அர்த்தமா?" என்று மாமா கேட்டார்.

"சோத்துக்குக் கூப்பிடுறா. வேற என்ன அர்த்தம் வேணும் உங்களுக்கு?" என்றாள் அக்கா. பிறகு மூக்கைச் சிந்தினாள்.

இருவரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். வெளியே இருட்டிவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. பெக்கோக் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.