மாமனார் ஊரில் நாலு விரல் பள்ளம்

பொங்கல் லீவு முடிந்து வேலை தொடங்கிய வாரம். ஜெயங்கொண்டம் பக்கத்து ரோடு சைட்டிலிருந்து புராஜெக்ட் மேனேஜர், சுருக்கமாக பி.எம்., போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மேடம், உங்க ஜி.பி.எஸ். ரோட்டைத் தோண்டுது. வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் திருச்சியில் ஒரு டீலரிடம் சர்வீஸ் இன்ஜினியர். கிரேடர், டோசர், எக்ஸ்கவேட்டர் இவற்றில் ஜி.பி.எஸ். வழிகாட்டி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் வேலை. சொந்த ஊர் பெரம்பலூர் என்பதால் அந்தப் பக்கத்தில் எந்த வண்டி முனகினாலும் என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். டூல் பேக்கோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "டிவி ரிப்பேரா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ரோடு போடுகிற வண்டிக்கு வானத்திலிருந்து வழி சொல்கிற பெட்டி என்று விளக்க ஆரம்பித்தால் இறங்க வேண்டிய ஊர் போய்விடும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை இங்கே விளக்கிவிடுகிறேன். கிரேடர் என்பது வயிற்றுக்கடியில் நீளமான பிளேடு வைத்து மண்ணையும் ஜல்லியையும் சமப்படுத்துகிற வண்டி. பிளேடின் இரண்டு முனையிலும் கம்பம் நட்டு ஆன்டெனா வைத்திருப்போம். சாட்டிலைட்டை மட்டும் நம்பினால் மீட்டர் கணக்கில் பிசகும். அதனால் சைட்டில் ஒரு கல் நட்டு, அதன் இடத்தையும் உயரத்தையும் முன்பே துல்லியமாக அளந்து வைப்பார்கள். கண்ட்ரோல் பாயிண்ட் என்று பெயர். தினமும் காலையில் அந்தக் கல்லுக்கு நேர் மேலே முக்காலி போட்டு பேஸ் ஸ்டேஷனை நிறுத்துவார்கள். சாட்டிலைட் கணக்கில் எவ்வளவு பிசகு என்று அது கண்டுபிடித்து ரேடியோவில் வண்டிக்குச் சொல்லும். வண்டி திருத்திக்கொண்டு பிளேடைத் தானே ஏற்றி இறக்கும்.

கரும்பு கட்டிய கிரேடர்

சைட்டுக்குப் போனதும் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. கிரேடரின் இரண்டு ஆன்டெனாக் கம்பத்திலும் காய்ந்த கரும்பு கட்டியிருந்தது. கேபினில் இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருள் கண்ட்ரோல் பெட்டி. அதன் திரையில் சந்தனம் வைத்து நடுவில் குங்குமப் பொட்டும் இட்டிருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று ஆபரேட்டர் அன்பழகன் வண்டியைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, படைத்திருக்கிறார். வீட்டில் மாடு இல்லை, இருப்பது இதுதான் என்று அவர் நியாயம் சொன்னார்.

அன்பழகன் விக்கிரமங்கலத்துக்காரர். நல்ல கை. அப்போது வேலை நடந்த இடம் அவருடைய மாமனார் ஊர். அங்கேதான் வம்பு. லீவுக்குப் பிறகு அவர் போட்ட ஜல்லிப் படுகையை ஆட்டோ லெவல் என்கிற மட்டம் பார்க்கும் கருவியில் பார்த்தபோது, இருக்க வேண்டிய மட்டத்துக்கு நாலு விரல் கீழே இருந்திருக்கிறது. பி.எம். அவசரமாக மேலே ஜல்லி கொட்டி, நூல் கட்டி, மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அதாவது, நான் அளந்து பார்க்க அந்தப் பள்ளமே இல்லை. அன்பழகன் பிளேடு தானே ஏறி இறங்குகிற ஆட்டோவை அணைத்துவிட்டுக் கைப்போக்கில் ஓட்டி ஆழமாக வெட்டிவிட்டார் என்பது பி.எம். முடிவு. கடைசி ஓட்டத்தைக் கையால் ஓட்டுகிற பழக்கம் அன்பழகனுக்கு உண்டு, அதை பி.எம்.மே ஒரு தடவை பார்த்திருக்கிறார். வேறு ஆபரேட்டருக்குச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் வருகிறார். அன்பழகன் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அன்பழகன் என்னிடம் வந்து நின்றார். "மேடம், வேற எந்த ஊர்ல என்னைய எறக்கி வுட்டாலும் போயிட்டே இருப்பேன். இந்த ஊர்ல மட்டும் வேணாம்."

காரணம் எனக்கும் தெரியும். வண்டி ஓட்டுகிறவனுக்குப் பெண்ணா என்று முறுக்கிக்கொண்டிருந்தவர் அவர் மாமனார் கலியபெருமாள். கல்யாணத்துக்குப் பிறகும் மருமகனைப் பேர் சொல்லிப் பேசியதில்லை. அப்படிப்பட்டவர் இப்போது தினமும் தன் முந்திரித் தோப்பு வேலியோரம் வந்து நின்று, மருமகன் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஊரே பார்க்க இவரைச் சீட்டிலிருந்து இறக்கினால், அந்தக் குடும்பத்தில் அவர் மறுபடி தலை தூக்க முடியாது.

எனக்கு முதல் சந்தேகம் அந்தக் குளியல் மேல். பிரஷர் தண்ணீர் அடித்திருக்கிறார்களே, ஆன்டெனா கனெக்டரில் ஈரம் ஏறியிருக்கும் என்று கழற்றினேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. கேபிள், கம்பத்துப் போல்ட், பிளேடின் தேய்மானம் என்று வரிசையாகப் பார்த்தேன். திரையைத் துடைத்து ரோட்டின் வரைபடமான டிசைன் ஃபைலைத் திறந்தேன், சரியான ஃபைல்தான். பிறகு ரோவரை எடுத்தேன். கோல் முனையில் ஆன்டெனா வைத்த, கையில் தூக்கிப்போகிற அளவுக் கருவி அது. பிளேடின் முனையில் வைத்தால், வண்டி சொன்ன உயரத்தையே ரோவரும் சொன்னது. சர்வேயர் சதீஷ், சரிபார்ப்பதற்கென்று அளந்து குறித்திருந்த தன் செக் பாயிண்டில் ரோவரை வைத்துக் காட்டினார். மில்லி பிசகவில்லை.

மெஷின் சுத்தம். வழக்கமாக எனக்கு இதைவிட சந்தோஷமான செய்தி கிடையாது. அன்றைக்கு அப்படி இல்லை. மெஷினில் கோளாறு இல்லை என்றால் கோளாறு ஆளில் என்று ஆகிவிடும். ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்கலாம் என்று பி.எம்.மிடம் கேட்டேன். புது ஆள் வரட்டும், அப்புறம் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அன்பழகனுடைய மாமியார் வந்து, ஊருக்கு வந்த பொம்பளைப் பிள்ளையைப் பட்டினி போட்டு வேலை வாங்குகிறீர்களா என்று பி.எம்.மையே ஒரு பிடி பிடித்து, என்னைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டில் நின்ற கை

மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. நானும் கலியபெருமாளும் உட்கார்ந்தோம். அன்பழகன் பசியில்லை என்று வாசலில் நின்றார். மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பார் போல, அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பரிமாறினார். கலியபெருமாள் இரண்டு கவளம் சாப்பிட்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அந்தப் பொட்டிக்கு ரோட்டு ஒசரம் எப்படிம்மா தெரியும்?"

இத்தனை வருஷத்தில் சைட்டுக்கு வெளியே யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. உற்சாகம் தாங்காமல் தண்ணீர்ச் சொம்பைக் கல்லாகவும் அப்பளத்தை வண்டியாகவும் வைத்து விளக்கினேன். உங்கள் தோப்பு மூலையில், மரம் இல்லாத மேட்டில் காலையில் ஒரு முக்காலி வைக்கிறார்களே, அதற்கு அடியில் இருக்கிற கல் சொல்வதைத்தான் வண்டி கேட்கும் என்று சொன்னேன்.

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

"அந்தக் கல்லு கொஞ்சம் தள்ளி இருந்தா?"

"வண்டியும் அவ்வளவு தள்ளிப் போவும்."

"எறங்கி இருந்தா?"

"ரோடும் எறங்கிடும்."

அவர் எழுந்து கையைக் கழுவினார். வாம்மா, தோப்பைப் பார்த்துவிட்டு வருவோம் என்றார். வந்தவர்களுக்கெல்லாம் முந்திரி மரத்தைக் காட்டிப் பெருமை பேசுவது அவர் வழக்கமாம். அதனால் வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

தோப்பு மூலையில் கல் வேலிக்கு வெளியே நின்றது. அவர் வேலிக்கு உள்ளே போய், காலால் சருகை ஒதுக்கினார். புதிதாக மூடிய குழி ஒன்று தெரிந்தது.

நம்பர் எழுதிய கல் நட்டால் பின்னாலேயே நிலம் எடுக்கிற நோட்டீஸ் வரும் என்று அவருக்குப் பயம். கல் நட்ட நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லையாம். பொங்கலுக்கு சைட் லீவு, பெண்சாதியின் தம்பியும் வந்திருந்தார். இருவருமாகத் தோண்டி எடுத்து வேலிக்கு வெளியே நட்டுவிட்டார்கள்.

"ஒடைக்கலம்மா. கெவுருமெண்டு பொருளு. கோணலாக்கூட வைக்கல. ரசமட்டம் வச்சுப் பாத்துத்தான் நட்டேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. அவ்வளவு நேராகத்தான் நட்டிருந்தார், அந்த மூலையில் வேலியும் பேருக்குத்தான் இருந்தது. அதனால்தான் தினமும் அதன்மேல் முக்காலி வைத்தவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கெட்டியாக நிற்கட்டும் என்று கொஞ்சம் ஆழமாக இறக்கியதுதான் வினை.

சதீஷின் செக் பாயிண்ட் எப்படிச் சரியாக வந்தது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. அவருடைய பழைய செக் பாயிண்ட், இடித்த கல்வெர்ட்டோடு போய்விட்டது. புதியதை லீவுக்குப் பிறகு இந்தக் கல்லை வைத்துத்தான் அளந்திருக்கிறார். நகர்ந்த கல்லைச் சோதிக்க அதனிடமே சாட்சி கேட்டிருக்கிறோம்.

கலியபெருமாள் சிரிக்கவில்லை. மருமகனை இறக்கிவிடுவார்களா என்று மட்டும் கேட்டார். யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்று நான் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறேன், உங்கள் பேர் வராது என்றேன். அவர் தலையை ஆட்டினார். "யாரோன்னு சொன்னா திரும்பவும் அவன் தலையிலதாம்மா வந்து விடியும்."

முதலில் ரோவரில் டிசைனைத் திறந்து, ரோடு போகிற கோட்டை அவருக்குக் காட்டினேன். வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு லாரியைத் திருப்பலாம், அவ்வளவு இடம் இருந்தது. அவர் நம்பவில்லை. கோலைத் தானே வாங்கிக்கொண்டு, வேலியோரமாக அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று திரையில் தூரத்தைப் பார்த்தார். திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் கன்டெய்னரில்

சதீஷை அழைத்து, ஏரிக்கரையில் இருந்த அடுத்த கண்ட்ரோல் பாயிண்டில் பேஸை வைக்கச் சொன்னேன். ரோவரைத் தோப்புக் கல்லின்மேல் வைத்தேன். பக்கவாட்டில் ரெண்டடி நகர்ந்திருந்தது. மண் வேலையில் அகலத்தைத் தாராளமாகப் போட்டிருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. உயரத்தில் கச்சிதமாக நாலு விரல் இறங்கியிருந்தது. சதீஷ் முகத்தில் ஈயாடவில்லை.

பி.எம்.மின் கன்டெய்னர் ஆபீசுக்கு நானும் சதீஷும் அளவைச் சொல்லப் போனோம். கலியபெருமாள் எங்களை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார். அன்பழகன் தன் சாமான்களை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். மாமனாரைப் பார்த்ததும் வண்டிச் சாவியை மேசைமேலேயே விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

"அன்பழகன் கையில தப்பில்லீங்க. கல்ல நவுத்துனது நானு. கேஸு போடறதுன்னா எம்மேல போடுங்க" என்றார் கலியபெருமாள்.

பி.எம். என்னைப் பார்த்தார். நான் அளவைச் சொன்னேன். அவர் பேனாவை மேசைமேல் போட்டார். பெரியவரே, எங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"கேக்கறதுக்கு யாருங்க இருந்தா? கல்லு மட்டுந்தான் இருந்திச்சு."

பி.எம். போனை எடுத்து, புது ஆபரேட்டரை வர வேண்டாம் என்றார். அன்பழகனிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, பி.எம்.களுக்கு அது வராது. சாவியை மேசைமேல் தள்ளி, "போய் வண்டிய எடுங்க" என்றார். கேஸ் எதுவும் போடவில்லை. கல்லைப் பழைய குழியிலேயே நடலாமா என்று சதீஷ் கேட்டார். இவ்வளவு நேராக நம்மில் யார் நடப்போகிறோம், அங்கேயே இருக்கட்டும், கணக்கில் அதன் அளவை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லும்போது பி.எம். சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த கன்டெய்னரில் யாராலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

கல்லுக்குப் புது அளவு கொடுத்து பேஸை ஏற்றினோம். அன்பழகன் பிளேடை ஆட்டோவில் போட்டு, பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிய இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓட்டினார். லெவல் பார்க்கிறவர் ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் படித்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். வேலியோரம் பாதி ஊர் நின்றது. அன்பழகனுடைய மாமியார், ஒங்க ரசமட்டந்தான் ஊரு ரோட்டையே எறக்கிச்சு என்று புருஷனைக் கேலி செய்தார். கலியபெருமாள் அதைக் காதில் வாங்காமல், அன்பழகா, மெதுவாப் போப்பா என்று சத்தம் கொடுத்தார். கேபினுக்குள் இருந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு, தலையை வெளியே நீட்டி, என்ன மாமா, காதுல வுழல என்று கேட்டார். இன்ஜின் சத்தத்திலும் முதல் தடவையே காதில் விழுந்ததாகப் பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். அவர் வாயால் மறுபடி ஒருமுறை தன் பேரைக் கேட்க ஆசை.

அன்றிலிருந்து எந்த சைட்டுக்குப் போனாலும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கண்ட்ரோல் பாயிண்டுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். இது நிலம் எடுக்கிற கல் இல்லை, வண்டிக்கு வழி சொல்கிற கல் என்று சொல்லி, ரோவரில் கோட்டைக் காட்டிவிட்டு, கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு வருவேன். இது எந்தக் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலிலும் இல்லை. நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு சைட். மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் கல் நட்டிருந்தார்கள். அந்தக் காட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லி, திரையில் கோட்டைக் காட்டினேன். கடைசி வரைக்கும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்ட அந்தம்மா, வீட்டுப் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, கடப்பாரைய உள்ள வச்சுடுங்க."