ஒரு சாண் ஆழத்தில் உப்பு

செஞ்சியில் உயிரியல் ஆசிரியராக இருந்துகொண்டு, மரக்காணத்துக்கு வடக்கே உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல் புழுக்களை வருடக்கணக்கில் கவனித்து வருகிறேன். ஆசிரியர் அறையில் இதற்குக் கேலி உண்டு. "ஊர் சனமெல்லாம் கோட்டை பாக்க இங்க வருது. சார் புழு பாக்க அங்க போறாரு" என்பார்கள். என்னோடு சலிக்காமல் வந்தவன் என் மனைவியின் தம்பி மட்டும்தான். செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்தில் வேர்க்கடலை வியாபாரம் செய்கிறான். ஞாயிறு விடிந்ததும் காரோடு வாசலில் நிற்பான்.

வேலை எப்போதும் ஒரே வரிசையில் நடக்கும். கடல் ஓரத்தில் தொடங்கி உள்ளே நடப்போம். குறித்து வைத்த இடங்களில் நான் மணலைத் தோண்டிச் சலிப்பேன். அவன் ஒரு சொட்டு நீரை உப்பு பார்க்கும் குழலில் வைத்து, கண்ணில் பிடித்து, அளவைச் சொல்வான். கடல் பக்கம் முழு உப்பு. அங்கே நூல் போன்ற புழுக்கள் கொஞ்சம் இருக்கும். கடல் நீரும் கழி நீரும் கலக்கும் உள்வளைவில், இரு பக்கமும் சிறு கால்கள் கொண்ட தடித்த செம்புழுக்கள் நிறைந்திருக்கும். அதையும் தாண்டினால், மழைக்காலத்தில் நீர் உப்பற்றுப் போகும் பகுதி. அங்கே ஒன்றும் இருக்காது.

அவன் நிறைய கேட்பான். எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பில் கூட யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு, பெருமழை விட்ட மறுநாள். "மழைத் தண்ணில எல்லாம் செத்துருக்கும் மாமா, இன்னாத்துக்குப் போவணும்?" என்றான். வா, காட்டுகிறேன் என்று அழைத்துப் போனேன். உள்வளைவில் மேலே ஓடிய நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. ஒரு சாண் தோண்டினேன். குழியில் ஊறிய நீரை அவனையே பார்க்கச் சொன்னேன். நல்ல உப்பு. மணல் துகள்களுக்கு நடுவே தங்கிய பழைய நீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. புழுக்கள் அந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். அவை அங்கே சுருண்டு கிடந்தன.

வெகுநேரம் குனிந்து பார்த்தான். "இது இங்க இருக்கறவங்களுக்குத் தெரியாதா மாமா?"

"தெரிஞ்ச மாதிரி இல்ல" என்றேன், பெருமையோடு.

அடுத்த மழைக்குப் பிறகு தனக்கு வேலை இருப்பதாகச் சொன்னான். நான் திண்டிவனம் போய்ப் பேருந்து மாறிப் போனேன். உள்வளைவு முழுவதும் குழிகள். சில பெண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். பக்கத்தில் வாளிகளில் செம்புழு. மூத்தவரிடம் என்ன வேலை என்று கேட்டேன்.

"எறா குஞ்சு பொரிக்கிற ஹேச்சரிக்கு சார். தாய் எறாவுக்குத் தீனி. எப்பவும் தெக்க வெட்டுவோம், மழ பேஞ்சா எங்களுக்கு வேலையே இருக்காது. இந்த வாட்டிதான் ஆழமா வெட்டச் சொன்னாரு."

"யாரு?"

"செஞ்சிப் பக்கத்து ஆளு, காருல வருவாரு. அவரு மாமா வாத்தியாராம். எடம் பாத்துச் சொல்றதே அந்த வாத்தியாருதானாம்."

இன்னொருத்தி சிரித்தாள். "அந்த வாத்தியாரு ஒரு நாளாவது வந்து வெட்டிப் பாக்கட்டும். இடுப்பு வுட்டுப் போவுது."

நான் யாரென்று சொல்லவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. மீதியிருந்த இடங்களில் தோண்டிச் சலித்தேன். கிளிஞ்சல் துண்டுகள் மட்டுமே சல்லடையில் நின்றன.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்தான். "கெளம்பலாமா மாமா?"

முகத்துவாரத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

"புழு உங்களுதா மாமா? கடல்ல கெடக்குது. நாலு பேருக்கு வேல கெடைக்குது. உங்க பேரத்தானே சொன்னேன், கெட்ட பேரா சொன்னேன்?"

"இத்தன நாளா என்கிட்ட கேட்டதெல்லாம் இதுக்குத்தானா?"

கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தான். பொய் சொல்வான் என்று எதிர்பார்த்தேன், சொல்லியிருக்கலாம்.

"சில நாளு இதுக்கு. சில நாளு சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன் மாமா."

அவன் போன பிறகு ஒவ்வொரு ஞாயிறாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். முதல் புழுவைக் கையில் வாங்கக் கூசியது, வெயிலில் எனக்குக் குடை பிடித்தபடி நண்டுகளைப் பற்றிக் கேட்டது, குழிக்குள் குனிந்து பார்த்தது. எதையும் முறையாகப் பிரித்து வைத்தே பழகியவன் நான். இவற்றில் எது அவன் சும்மா வந்த நாள் என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.