விழிஞ்ஞத்தில் ஒரு வைக்கிங் படகு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருப்பவனுக்குக் கடல் பயணம் எதற்கு என்று என் மனைவியே கேட்டாள். படகில் நான் ஏறவே இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1954 பிப்ரவரி மாதம். மீன்பிடிப் படகுகளைக் காட்ட வந்திருந்த நோர்வேக்காரர் ஓலாஃப், படகுக்குச் செம்பு ஆணி தேடி என் கடைக்கு வந்தார். அவர் படகு பழைய வைக்கிங் கப்பல்களின் ஜாடையில் கட்டியதாம். இரண்டு முனையும் கூர். பலகைகள் ஓட்டுக்கூரை போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அவருடைய முன்னோர்கள் மேற்கூரை இல்லாத அந்தக் கப்பல்களில், தோல் பைக்குள் படுத்து, உலர்ந்த மீனைக் கடித்துக்கொண்டே பெருங்கடலைத் தாண்டினார்களாம். அடேயப்பா! எனக்கு ராத்தூக்கமே போயிற்று. கொல்லத்தில் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு அடுத்த மாதத்து முதல் ஞாயிறன்று விழிஞ்ஞத்தில் உங்களை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார்.

அந்த ஞாயிறு கிழக்கேகோட்டையில் காலை ஆறரை பஸ். பத்து மைல், ஆறணா, ஒன்றேகால் மணி நேரம். திருவல்லம் தாண்டியதும் ரோடு இடுப்பை ஒடித்துவிடும், முன் சீட்டைப் பிடியுங்கள்.

கரையில் கூட்டம். ஓலாஃப் முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டுமரக்காரர் சிலுவை. ஓலாஃப் கொல்லத்திலிருந்து வரும்வரை படகு அவர் பொறுப்பு. நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் அதில் சுக்கான் பிடிக்கும் வேலை, மாதச் சம்பளம் என்று பேச்சு.

"எங்க மரத்தெ நோக்குறதவிட நல்லா நோக்கினேன் அண்ணாச்சி!" என்றார் சிலுவை. கட்டுமரம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். கரையேறியதும் அவிழ்த்து வெயிலில் உலர்த்துவார்கள். அதே அக்கறையோடு இந்தப் படகையும் மணலில் ஏற்றிக் காயவைத்திருக்கிறார். பலகை சுருங்கி இடைவெளி விட்டிருக்கிறது. பதறிப்போய்க் கயிற்று நாரையும் குங்கிலியப் பிசினையும் இறுக அடித்து அடைத்திருக்கிறார். சாயிப்பு (வெள்ளைக்காரரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வருகிறாரே என்று முந்தின நாள் தண்ணீரில் இறக்கினார். நனைந்த பலகை உப்பியது, உப்ப இடமில்லை. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு, பலகைகள் நீளவாக்கில் பிளந்து கிடந்தன.

"இதை எப்போதும் ஈரமாகவே வைக்கவேண்டும். சொல்லாமல் போனது என் தப்பு. அடுத்த படகு வரும், வேலை அவருக்குத்தான் என்று சொல்லுங்கள்," என்றார் ஓலாஃப் ஆங்கிலத்தில்.

சொன்னேன். சிலுவை கடைசிப் பகுதியைக் கேட்டதாகவே தெரியவில்லை. "ஞானே கொன்னுட்டேனா?" என்றார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த மனுஷனுக்கா இது வரவேண்டும்?

போகிறவர்கள் குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. படகு அங்கேயேதான் கிடக்கிறது, பார்க்கக் காசில்லை.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். புதுப் படகு வந்துவிட்டது, சுக்கான் பிடிப்பது வேறு ஆள். எத்தனை கூப்பிட்டும் சிலுவை போகவில்லையாம். கட்டுமரத்தோடு கடலுக்கு இறங்கும் முன், அந்தப் பிளந்த படகின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இனி எதுக்கு சிலுவை?"

"காய விடப்படாதுன்னு சாயிப்பு சொன்னாரே, அண்ணாச்சி."