வெறும் வயித்தோட வந்த ஏழு பேர்

ஊசிக்கும் கத்திக்கும் நான் பயந்தவ இல்ல. ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுற கவுண்டர்னாதான் எனக்கு ஆகாது. அங்க உக்காந்திருக்கிறவர் தலையை நிமித்தி, "எந்த நாடு?"ன்னு கேட்டுருவாரோன்னு பயம்.

நான் பினாங்குல பொறந்து வளர்ந்தவ. எழுபதுகள்ல பழவேற்காட்டுக்கு மருமகளா கப்பல் ஏறி வந்தேன். வீட்டுக்காரருக்கு மீன் வியாபாரம். குப்பத்துக்காரங்ககிட்ட மீனும் எறாலும் வாங்கி, ஐஸ் போட்டு மெட்ராசுக்கு அனுப்புவார். எங்கிட்ட மலேசியா பாஸ்போர்ட்டு. வருஷா வருஷம் போலீஸ் ஆபீசுல போய் நின்னு, இன்னும் இங்கதான் இருக்கேன்னு எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிட்டு வரணும். அங்க ஒரு கிளார்க்கு ஒவ்வொரு தடவையும், "தமிழ் நல்லா பேசுறியேம்மா"ம்பார். ஒரு தடவை பொறுக்க முடியாம, "நீங்களும் நல்லாத்தான் பேசுறீங்க"ன்னுட்டேன். வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துப் போச்சு.

எங்க பினாங்குல கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா மொதல்ல அடையாள அட்டையைத்தான் கேப்பாங்க. நீல அட்டைன்னா சொந்த நாட்டு ஆளு, செவப்பு அட்டைன்னா வந்த ஆளு. எங்க வாப்பாவுக்குக் கடைசி வரைக்கும் செவப்பு அட்டைதான். அதைக் கையில வச்சுக்கிட்டு அவர் தோளைக் குறுக்கி வரிசையில நின்னதைப் பார்த்து வளர்ந்தவ நான். அதனால இங்க வந்ததும் நானா ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரி இந்த நாட்டுக்காரங்களுக்கு, பிரைவேட் டாக்டர் எனக்கு. யாரும் எங்கிட்ட அப்படிச் சொல்லல. நானும் யாரையும் கேக்கல. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது?

மொத புள்ளை வயித்துல வந்தப்ப பொன்னேரியில ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். வீட்டு முன்ரூம்லயே கிளினிக்கு. ரெண்டு பெஞ்சு, ஒரு பச்சைத் திரை, எப்பவும் கூட்டம். பஸ்சுல போய் எறங்கி டோக்கன் வாங்கி உக்காந்தா, உள்ள கூப்பிட மதியம் ஆயிரும். டாக்டரம்மா வெடுக்குனு பேசுறவங்க. அஞ்சாம் மாசத்துலயே, "இந்தா பாரு, எங்கிட்ட ஆபரேஷன் தியேட்டர் கிடையாது, ரத்தம் கிடையாது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில போய் ஒரு பதிவு போட்டு வை"ன்னாங்க. நான் சரி சரின்னு மண்டையை ஆட்டிட்டு வந்து, வீட்டுல மூச்சே விடல. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு மாமியார் கேட்டதுக்கு, "எல்லாம் நல்லா இருக்காம் மாமி"ன்னேன். அப்பல்லாம் நான் சரியான புளுகு மூட்டை.

தலைப்பிரசவத்துக்கு பினாங்கு போயிடலாம்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். அது இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பார்த்துப் பார்த்து ஏழு மாசம் முடிஞ்சு போச்சு. இனிமே கப்பல்ல ஏத்த மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க.

எட்டாம் மாசம் ஒரு நாள் காலையில, மீன் அலசிட்டு எந்திரிக்கிறேன், கால் வழியா ரத்தம். வலியே இல்ல. வலிக்கலையே, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன் பாருங்க, என் அறிவை எங்க போய்ச் சொல்ல! மாமி பார்த்துட்டுப் போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. வாசல்ல மெட்ராசுக்குக் கிளம்ப நின்ன மீன் வேன்ல இருந்து பெட்டியெல்லாம் எறக்கிட்டு, ஜமுக்காளம் விரிச்சு என்னைப் படுக்க வச்சாங்க. முதுகுக்குக் கீழ ஐஸ் தண்ணி ஊறி ஊறி வந்தது. பொன்னேரி போறவரைக்கும் வீட்டுக்காரர் என் தலையைப் பிடிச்சுக்கிட்டு ஓதிக்கிட்டே வந்தார்.

டாக்டரம்மா வேன்லயே ஏறி வயித்தைத் தொட்டுப் பார்த்தாங்க. "நஞ்சுக்கொடி கீழ எறங்கி வழியை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு நெனக்கிறேன். பதிவு போட்டியா, இல்லையா?"ன்னாங்க. நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். "வாயைத் தொறந்து சொல்லு!"

"நான் வெளிநாட்டுக்காரி, டாக்டர். சேத்துக்க மாட்டாங்கன்னு..."

அவங்க என்னை ஒரு தடவை பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டேன். திட்டல. பெஞ்சுல இருந்த அத்தனை பேரையும் நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டு, அவங்க அம்பாசிடர் கார்ல என்னை ஏத்தி, பின் சீட்டுல என் காலைத் தன் மடியில தூக்கி வச்சுக்கிட்டு மெட்ராஸ் வரைக்கும் வந்தாங்க. அவங்க வெள்ளைச் சேலை பூரா என் ரத்தம். அந்த அம்மாவை நெனச்சா இன்னிக்கும் எனக்கு நெஞ்சு நெறஞ்சு போகுது.

பெரிய ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர்ல கெடந்தபடியே நான் முந்திக்கிட்டேன். "சிஸ்டர், நான் மலேசியா பாஸ்போர்ட்டுக்காரி..."

"இருக்கட்டும்மா. கையை நீட்டு"ன்னு அந்த நர்ஸ் ஊசியைச் சொருகினாங்க.

அவ்வளவுதான். அத்தனை மாசமா நான் கட்டிக் காத்த பயத்துக்கு அங்க கெடச்ச மரியாதை அவ்வளவுதான். சீட்டுல ஊர்னு இருந்த எடத்துல பழவேற்காடுன்னு எழுதிக்கிட்டாங்க. எனக்குப் பொசுக்குனு அழுகை வந்துருச்சு. ஊசி வலிக்குதுன்னு நெனச்சு அந்த நர்ஸ், "முடிஞ்சுது, முடிஞ்சுது"ன்னு என் கையைத் தடவிக் குடுத்தாங்க.

வார்டுல கட்டிலுக்கு ஒருத்தி, கட்டிலுக்குக் கீழ ஒருத்தி. எங்க பார்த்தாலும் பினாயில் வாசனை, புள்ளைங்க அழுகை. படுத்த கொஞ்ச நேரத்துல ரத்தப்போக்கு மட்டுப்பட்டுச்சு. பெரிய டாக்டர் வந்து பார்த்துட்டு, வீட்டுக்காரர்கிட்ட ஒளிக்காம சொன்னார். "ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். ஆனா ரத்தம் தயாரா இல்லாம கத்தி வச்சா தாய் தங்க மாட்டா. அதுக்குள்ள மறுபடி கொட்ட ஆரம்பிச்சா ரெண்டு உசுரும் போயிடும். இவங்க வகை ரத்தம் இப்ப கையிருப்புல இல்ல. நாளைக்குக் காலையில ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்காரர் ரத்தம் சேரல. கூட வந்த அவர் சித்தப்பாவுக்கு சர்க்கரை வியாதி, வேணாம்னுட்டாங்க. மெட்ராஸ்ல எங்களுக்கு வேற யாரு இருக்கா? பினாங்குல இருந்திருந்தா என் அண்ணன் தம்பிங்க மட்டும் அஞ்சு பேர். நான் செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

டாக்டரம்மா பொன்னேரி திரும்பினதும் எங்க வேன் டிரைவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்காங்க. அவர் நேரா முகத்துவாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற குப்பத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கார்.

மறுநாள் காலையில ஒன்பது மணி இருக்கும். வார்டு வாசல்ல ஒரே ரகளை. ஆம்பளைங்க உள்ள வரக் கூடாதுன்னு வாட்ச்மேன் கத்துறார். "யோவ், பாயம்மாவுக்கு ரத்தம் குடுக்க வந்துகீறோம், வழி உடுய்யா!"ன்னு ஒரு கொரல். எங்க வீட்டுக்கு மீன் போடுற நெட்டை ஆளு. பாய் சம்சாரம்னு என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்குப் பின்னால ஆறு பேர். ஏழு பேரும் தலை முழுகி, வெளுத்த வேட்டி கட்டி, நெத்தி நெறைய விபூதி பூசிக்கிட்டு திருவிழாவுக்கு வந்தவங்களாட்டம் நிக்கிறாங்க.

அந்தக் குப்பத்துல அதுவரைக்கும் யாரும் ரத்தம் குடுத்ததில்ல. எப்படிக் குடுக்கிறதுன்னு கூடிப் பேசியிருக்காங்க. ஒரு உசுருக்காகக் குடுக்கிறது அம்மனுக்கு நேர்ந்துக்கிற மாதிரின்னு முடிவாயிருக்கு. அதனால முந்தின நாள் சாயந்தரத்துல இருந்து சோறு தண்ணி இல்லாம இருந்து, விடிஞ்சதும் ஏரியில குளிச்சு, கோயில்ல கும்புட்டுட்டு மொத பஸ்சைப் பிடிச்சு வந்திருக்காங்க.

ரத்தம் எடுக்கிற டாக்டர் கேட்டாராம், "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

நெட்டையர் நெஞ்சை நிமித்தி, "பச்சத் தண்ணி பல்லுல படல சார். சுத்தமா வந்துகீறோம்"ன்னிருக்கார்.

டாக்டர் தலையில கை வச்சுக்கிட்டார். "ஏழு பேரும் மயக்கம் போட்டு விழுந்தா உங்களுக்கு யாருய்யா ரத்தம் ஏத்துறது? போய் இட்லி தின்னுட்டு வாங்க!"

மாட்டேன்னுட்டாங்க. விரதம் கெட்டா பாயம்மாவுக்கு ஆகாதாம். டாக்டரும் விடல, இவங்களும் விடல. கடைசியில எனக்கு ஊசி போட்ட நர்ஸ்தான் போய், "அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். போய் சாப்பிடுங்கண்ணா"ன்னு கும்புட்டாங்களாம். அரை மனசோட எதுத்தாப்புல இருந்த ஓட்டலுக்குப் போனாங்க.

அவங்க அந்தப் பக்கம் போக, எனக்கு மறுபடி கொட்ட ஆரம்பிச்சது. மெத்தை நனைஞ்சு கட்டில் கம்பி வழியா சொட்டுது. பக்கத்துக் கட்டில்காரி அலர்றா. என் காது அடைச்சுக்கிட்டு வந்துச்சு. வயித்துல புள்ளை அசையுதான்னு கையை வச்சுப் பார்த்தேன். அசைஞ்சுது. நீ மட்டுமாவது பொழைச்சுக்கோன்னு அதுகிட்ட சொன்னேன்.

வீட்டுக்காரர் ஓட்டலுக்கு ஓடியிருக்கார். கைகூடக் கழுவாம, சாம்பார் விரலோட ஏழு பேரும் ஓடி வந்து கையை நீட்டியிருக்காங்க. நெட்டையருக்கு ஊசின்னா பயமாம். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, அம்மன் பேரைச் சொல்லிச் சொல்லிக் குடுத்தாராம். மூணு பேரோடது எனக்குப் பொருந்துச்சு. மத்த நாலு பேரோடதும் வேற பொம்பளைங்களுக்கு ஆச்சு. யாரோடது எனக்கு ஏறினதுன்னு ஆஸ்பத்திரியில கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அதுவும் நல்லதாப் போச்சு. ஏழு பேருக்குமே நான் கடமைப்பட்டவ.

ஆபரேஷன்ல பொண்ணு பொறந்தா. ஒரு கைக்குள்ள அடங்குற உருவம். தொண்டையோ, அப்பப்பா! நான் கண்ணு முழிச்சதே அவ கத்தலுக்குத்தான்.

நாப்பது நாள் கழிஞ்சு, புள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்காரரோட குப்பத்துக்குப் போனேன். நெட்டையர் சம்சாரம் புள்ளையை மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டே, போற போக்குல சொன்னாங்க, "அன்னிக்குப் பார்த்து இவங்களுக்கெல்லாம் பாடு, பாயம்மா." ஏரியில நல்ல மீன் விழுற எடத்துல எல்லாரும் ஒரே நாள்ல வலை போட முடியாது. குப்பத்துக்குள்ள சீட்டுப் போட்டு, இன்னிக்கு இவங்க, நாளைக்கு அவங்கன்னு முறை வச்சுக்குவாங்க. அந்த முறைதான் பாடு. எறால் ஓடுற பருவத்துல ஒரு பாடு வர்றதுக்கு வீடே காத்துக் கெடக்கும். அந்த நாளைத்தான் விட்டுட்டு பஸ் ஏறியிருக்காங்க. வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்கு, எங்கிட்ட சொல்லல. அங்கேயே அவரைப் பிடிச்சுக் கத்தினேன்.

நெட்டையர்தான் நடுவுல பூந்தார். "ஏன் பாய் மேல எரிஞ்சு உழற? பாடு இன்னா, சுத்திக்கினு திரும்ப வரும். நீ திரும்ப வருவியா?"

அவங்க எல்லாரையும் பார்த்துக்கிட்டு அழுதேன்.

அதுக்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரி எனக்கு அத்துப்படி ஆயிருச்சு. எந்த ஜன்னல்ல சீட்டு, எத்தனை மணிக்கு மருந்து, எந்த டாக்டர் கத்தினாலும் நல்லவர், எல்லாம் தெரியும். சளி, காய்ச்சல்னா பொன்னேரி டாக்டரம்மா, பெருசுன்னா மெட்ராஸ். குப்பத்துப் பொம்பளைங்களுக்கு உடம்புக்கு வந்தா, "பாயம்மா, கூட வா"ன்னு வந்து நிப்பாங்க. பொறந்த ஊர் ஆளுங்களுக்கு வெளிநாட்டுக்காரி வழி காட்டுறா பாருன்னு வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

எண்பதுகள்ல ஒரு நாள் நெட்டையரையே கூட்டிட்டுப் போக வேண்டியதாச்சு. குடல் எறங்கி முறுக்கிக்கிட்டு, ஆள் வலியில துடிக்கிறார். சம்சாரம் சுண்ணாம்புக்குளத்துல பொண்ணு வீட்டுல. பசங்க கடல்ல. ஆஸ்பத்திரியில பார்த்த உடனே ஆபரேஷன்னாங்க. கையெழுத்துப் போட சொந்தக்காரங்க வேணும். ஒரு சின்ன டாக்டர் தாளை நீட்டிக்கிட்டு, வெள்ளைத் துப்பட்டி போத்தி நின்ன என்னையும், விபூதியோட கெடந்த அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி"ன்னேன்.

"கூடப் பொறந்த தங்கச்சியா?"

"ஆமா. எங்க போடணும், காட்டுங்க." போட்டேன்.

மயங்கிக் கெடக்கிறார்னு நெனச்ச மனுஷன் ஒத்தைக் கண்ணைத் தொறந்தார். "இப்ப சொல்றியே. உன் பொண்ணு காதுகுத்துக்கு மாமன் சீர் நான்தான வச்சிருக்கணும்? ஊரு இன்னா நெனைச்சிருக்கும் என்னிய?"

"பொழைச்சு வந்து வை"ன்னு சொல்லி அனுப்பினேன்.

பொழைச்சு வந்தார். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சாயந்தரம், காது குத்தி மூணு வருஷம் ஆன என் பொண்ணுக்கு பாவாடை சட்டை, வளையல், பூ, பழம்னு தாம்பாளத்துல எடுத்துக்கிட்டு, குளிச்சு முழுகி சம்சாரத்தோட எங்க வாசல்ல வந்து நின்னார். யாரு வந்திருக்கிறதுன்னு மாமி உள்ள இருந்து கொரல் குடுத்தாங்க.

"எங்க அண்ணன் வந்திருக்காரு, மாமி"ன்னு சொல்லிட்டு, சோறு எடுத்து வைக்கப் போனேன்.