தலைவரின் படிப்பறையும் கம்பளிச் செருப்புகளும்

மாளிகை காட்டும் தொழிலில் வரலாறு தெரிந்திருத்தல் இரண்டாவது தகுதி. வருவோரின் கால்களிலிருந்து கண்ணை எடுக்காதிருத்தலே முதலாவது. மாணவர் கூட்டமொன்றை ஓரிடத்தில் நிற்கவைக்க முயன்று தோற்ற அன்பர்கள் யாவரும் இதனை உணர்வீர்கள்.

முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவர் வாழ்ந்த, றைன் நதிக்கரை மாளிகையொன்றில், பணி ஓய்வுக்குப் பின் நான் வழிகாட்டியாக இருக்கிறேன். மேல்மாடியில் அவருடைய படிப்பறை. நடுவே மேசை, அதனைச் சுற்றிக் கயிறு, கீழே நூறாண்டு கடந்த மரத்தளம். உள்ளே நுழைவோர் சப்பாத்தின்மேல் பெரிய கம்பளிச் செருப்பொன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். குதியில் இரும்பு அடித்த சப்பாத்து அணியும் நானே முதலில் மாட்டிக் காட்டுவேன். மாளிகையின் ஏனைய பகுதிகள் எனக்கு வெளிவீதி, படிப்பறைதான் கருவறை.

முன்னேற்றம்

எட்டாம் வகுப்பு மாணவர் முப்பதுபேர் வந்தனர். கம்பளிச் செருப்பு மாட்டிய கால் மெருகேறிய தரையில் எவ்வளவு தூரம் வழுக்கும் என்பதை அவர்களில் ஒருவன் ஆராய விரும்பினான். வாசலில் தொடங்கி, புத்தக அலுமாரியைக் கடந்து, சன்னலடியில் அவன் விழுந்தபோது, இடுப்புப் பட்டியின் உலோகக் கொளுக்கி தரையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு கிழித்தது.

பொறுப்பாளர் பிரிகிட்டே அம்மையார் அக்கோட்டை நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பருவம் முடிவதற்குள் தரையில் இன்னொரு கீறல் விழுந்தால், மாணவர்களுக்கு மேல்மாடி கிடையாது" என்று தீர்ப்பும் கூறினார். நான் கலங்கிப்போனேன். கருவறையைக் காட்டாமல் வெளிவீதியை மட்டும் சுற்றிக் காட்டி அனுப்பவோ இத்தொழிலுக்கு வந்தேன்? வருத்தம் தெரிவிப்பார் என்ற நம்பிக்கையோடு வகுப்பாசிரியரை நோக்கினேன். அவர் மாணவனை எழுப்பி நிறுத்தியபடி சொன்னார்: "இந்த ஆண்டு எந்தப் பாடத்திலும் இவன் இவ்வளவு தூரம் முன்னேறவில்லை."

கண்ணுக்குத் தெரிந்த மேதை

அடுத்து வந்தோர் தச்சுத் தொழிலில் அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சி பெறும் பன்னிரண்டு இளைஞர். தலைவரின் இளமை, உறுதி, எளிமை ஆகியவற்றை நான் இருபது நிமிடம் எடுத்துரைத்தேன். திரும்பிப் பார்த்தால், பன்னிருவரும் தரையில் குப்புறப் படுத்திருந்தனர். பதறி ஓடினேன். பலகைகளின் பொருத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்கள். கீறல் ஒன்றும் இல்லை. எழுந்த ஒருவன் என் கையைப் பற்றிக் குலுக்கினான்: "இங்கே வாழ்ந்தவரைப் பற்றி எனக்குத் தெரியாது ஐயா, ஆனால் இந்தத் தரையைப் போட்டவர் பெரிய மனிதர்."

மேசைமேல் ஒரு மனு

ஆஹென் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் ஒரு சனிக்கிழமை வந்தனர். குடிமக்கள் எழுதிய கடிதம் ஒவ்வொன்றையும் தலைவர் இம்மேசையில் அமர்ந்து தாமே வாசித்தார் என்றேன். ஒரு தம்பியின் முகம் மலர்ந்தது. "அங்கிள், வீசா எக்ஸ்டென்ஷனுக்கு ஆபீசரைப் பார்க்க நாலு மாசமா டெர்மின் கிடைக்கல. இவரு இப்ப இருந்தா எவ்வளவு ஹெல்ப்பா இருக்கும்!" என்றான். "இருந்தாலும் அவரைப் பார்க்கவே டெர்மின் கேப்பாங்கடா" என்றாள் உடன் வந்த பெண்.

அவர்கள் சென்றபின், கயிற்றுக்கு அப்பால், தலைவரின் கடிதத் தட்டில் மடித்த தாளொன்று கிடந்தது: வீசா நீடிப்புக்கான விண்ணப்பம், கடவுச்சீட்டுப் படத்துடன். கயிற்றைத் தாண்டிய குற்றத்துக்கு அறை இன்றே மூடப்படும் என்று அஞ்சி நின்றேன். பிரிகிட்டே அம்மையார் தரையைச் சோதித்தார். பின்பு கண்ணாடி அணிந்து, விண்ணப்பத்தின் நான்கு பக்கங்களையும் வரிவரியாகப் படித்தார். "யாவும் சரியாக நிரப்பியிருக்கிறான், கையொப்பந்தான் இல்லை."

இருபத்தாறு சோடி

டுசல்டோர்ஃப் தமிழ்ப் பள்ளியிலிருந்து இருபத்தாறு பிள்ளைகள் வருவதாக அறிந்த நாள்முதல் எனக்கு நித்திரை குறைந்தது. பிறர் பிள்ளை கீறினால் அறை போகும். நம் பிள்ளை கீறினால் அறையோடு என் மானமும் போகும். ஆசிரியை சாந்தியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "பயப்பிடாதேங்கோ அண்ணை, பிள்ளையளுக்கு வடிவாச் சொல்லிப்போட்டன்" என்றார்.

என்ன சொன்னார் என்பது படிப்பறை வாசலில் விளங்கியது. கம்பளிச் செருப்புக் கூடையை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இருபத்தாறு சோடிச் சப்பாத்துகள் கண்ணிமைப்பதற்குள் கழன்று படிக்கட்டில் குவிந்தன. "விதிகளில் இதற்கு இடமில்லையே!" என்று பிரிகிட்டே அம்மையார் பதறினார். நான் விடை கூறுமுன் பிள்ளைகள் காலுறைகளோடு உள்ளே நுழைந்துவிட்டனர்; நானும் பின்னால் ஓடினேன். முன்னால் நின்ற சிறுமி கயிற்றைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், கைகூப்பியபடி வலமாக நடக்கத் தொடங்கினாள். ஏனையோர் வரிசையாகத் தொடர்ந்தனர்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று குறுக்கே பாய்ந்தேன்.

"நடுவில வைச்சுக் கயிறு கட்டியிருக்கினம். மூண்டு தரம் சுத்தித்தானே வரோணும், ஐயா?"

"கோயிலுக்குள்ள நடக்கிற மாதிரி நடவுங்கோ எண்டு மட்டுந்தான் அண்ணை சொன்னனான்!" என்று சாந்தி தலையில் கை வைத்தார்.

மூன்றாம் சுற்று முடிந்ததும் அம்மையார் கைவிளக்கோடு முழந்தாளிட்டார். காலுறைகள் தேய்த்த இடமெல்லாம் தளம் முன்னெப்போதும் இல்லாதவாறு மின்னியது. மூச்சு விட்டேன். அவ்வேளை அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றது. வாசலிலிருந்து மேசைவரை, பிறைபிறையாகப் புதிய கீறல்கள். விரல் அவற்றைத் தொடர்ந்து ஊர்ந்து, என் சப்பாத்தருகே வந்து முடிந்தது. ஓடிய அவசரத்தில் சப்பாத்தின்மேல் கம்பளிச் செருப்பு மாட்ட மறந்தவன், அவ்வறையில் நான் ஒருவன்தான். படிப்பறை என்னாலேயே போயிற்று என்று தலைகுனிந்து நின்றேன். அம்மையார் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "மாணவர்கள் தாராளமாக வரட்டும், காலுறையோடு. நீங்கள் இனி வாசலில் நின்று பேசுங்கள்."

இத்தனை காலம் மாணவர்களை ஒழுங்குக்குக் கொண்டுவரப் பாடுபட்டதில், முற்றாக ஒழுங்குக்கு வந்து சேர்ந்தவன் நான் ஒருவனே.